உங்களுக்குத் தெரியுமா? அண்ணாச்சி கடையும் ஆண்ட்ராய்டு போனும்

● திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு காலத்தில் காண்டா விளக்கு, பிறகு ஒரு குண்டு பல்பு, வெளிச்சம் அவ்வளவுதான். அந்தப் பெயரே அல்வா வாங்க வந்த சனங்கள் வைத்தது. சாயங்காலம் திறப்பார்கள், சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். யூடியூபில் தேடினால் இந்தக் கடையைப் பற்றி வந்து விழும் வீடியோக்களில் பல, வரிசையில் நின்றவர்கள் எடுத்தவை.

இதைக் காட்டி, "நமக்கு எதுக்குவே விளம்பரம்? சரக்கு நல்லா இருந்தா ஆள் தானா வரும்" என்று சொல்லும் கடைக்காரர்கள் நம் ஊரில் ஏராளம். கோயில் வாசலை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாமி கும்பிட வந்த கூட்டம் அந்தக் கடைக்குக் கிடைத்த ஃபாலோயர்ஸ். மகாராஜநகரில் போன மாதம் ஷட்டர் தூக்கிய கடைக்கு அந்தக் கூட்டம் எங்கே இருந்து வரும்? போன் தேவைப்படுவது அங்கேதான்.

● திருநெல்வேலி என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன முதல் சரக்குகளில் ஒன்று பேதி மருந்து! நிலாவாரை இலையைத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றினார்கள். 'டின்னவெலி சென்னா' என்ற பெயரில் அது பிரிட்டிஷ் மருந்து நூல்களிலேயே இடம்பிடித்தது. இன்றைக்கும் வெளிநாட்டு மலமிளக்கி டப்பாக்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அல்வா இந்தப் பந்தயத்தில் ரொம்பப் பின்னால் வந்தது.

● கூட்டத்திடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தொழில் தொடங்குவது இன்றைய இணையத்தின் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தூத்துக்குடியில் தொடங்கியபோது மூலதனம் 10 லட்ச ரூபாய் என்று வைத்து, அதை 25 ரூபாய்ப் பங்குகளாக, 40,000 பங்குகளாகப் பிரித்தார். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1986-இல்தான் தனி மாவட்டம் ஆனது. கம்பெனிக்கு ஆதரவாகப் பாரதி தம் 'இந்தியா' பத்திரிகையில் எழுதினார். பங்கு விற்க ஊர் ஊராகப் போனார் வ.உ.சி. பத்திரிகையும் பயணமும் கைகோத்த அந்தப் பிரசாரத்தை, போனைக் கையில் வைத்துக்கொண்டு 'ரீச் இல்லை' என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

● வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படியே: அவர் எண் உங்களிடமும், உங்கள் எண் அவரிடமும் பதிவாகி இருந்தால்தான் அவர் கண்ணில் படும். 'தினமும் ஸ்டேட்டஸ் போடுதேன், ஒருத்தரும் கேக்கல' என்பவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான்.

இந்தக் குறிப்பைத்தான் நான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமாக நினைக்கிறேன். இன்ஸ்டாகிராமில் 10,000 பேர் லைக் போட்ட கருப்பட்டி மிட்டாய் வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் வரக்கூடியவர்கள்? 'கருப்பட்டி மிட்டாய் அண்ணாச்சி' என்று பெயர் போட்டு உங்கள் எண்ணைச் சேமித்த 200 பேர் இருந்தால், தீபாவளிக்கு அடுப்பு அணையாது. எண்ணைச் சேமிக்கவைக்க வெட்கப்படக் கூடாது. பில்லில் அச்சிடுங்கள். பெட்டியின் மேல் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே உங்கள் எண்ணுக்கு ஒரு கியூஆர் குறியீடு தரும். கல்லாவுக்குப் பக்கத்தில் அதை மாட்டினால், ஸ்கேன் செய்த கையோடு பேச்சு தொடங்கிவிடும். "அக்கா, நம்பரைப் பதிஞ்சுக்கோங்க, புதுச் சரக்கு வந்தா சொல்லுதேன்" என்று வாய்விட்டுக் கேட்டால் நம் ஊரில் மறுப்பவர்கள் குறைவு.

நெல்லைக்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. சென்னையின் மளிகைக் கடைகளில், மும்பை தாராவியில், வளைகுடா நாடுகளில் என்று தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த சனம் பரவிக் கிடக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த கடையின் எண் மகன் போனுக்குப் போக ஒரு ஃபார்வர்டு போதும்.

● குரூப் வேறு, பிராட்காஸ்ட் வேறு. கேட்காமல் 300 பேரைக் குரூப்பில் தூக்கிப் போட்டால், ஒவ்வொருவர் எண்ணும் மற்ற 299 பேருக்குத் தெரியும். பெண்கள் அதிகம் வாங்கும் ஜவுளி, நகைக் கடைகள் இதைச் செய்யவே கூடாது. போதாததற்கு, காலையில் வரும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூவுக்குள் உங்கள் சேலை விலை புதைந்துபோகும்.

● வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்தியாவுக்கு வந்தது 2018 ஜனவரியில். பொருள் பட்டியலை அடுக்கிவைக்கும் 'கேட்டலாக்' வசதி 2019-இல் சேர்ந்தது. இரண்டும் இலவசம். கடை மூடியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் சொல்லும் வசதியும், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு எழுதிவைத்த பதிலை ஒரே தட்டலில் அனுப்பும் வசதியும் அதிலேயே இருக்கின்றன. இரவு 11 மணிக்கு 'கொரியர் எவ்வளவு?' என்று கேட்பவருக்குத் தூக்கத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டாம்.

● 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களின் கூட்டம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. எல்லாரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. மூன்றுக்கும் முதலாளி ஒருவரே. 2022-இல் தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் வாட்ஸ்அப் மட்டும் இரண்டு மணி நேரம் நின்றது. வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் ஒரு கணக்கு நோட்டில் எழுதியிருக்கட்டும். அந்த நோட்டுக்கு சர்வர் கிடையாது.

● தேடுகிறவர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் கூகுள் மேப்தான். அதில் கடையைச் சேர்க்கக் காசு வேண்டாம். 'கூகுள் மை பிசினஸ்' என்று இருந்தது, 2021 முதல் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்ற பெயரில் இருக்கிறது. குற்றால சீசனுக்கு வருகிற குடும்பம் காரில் இருந்துகொண்டே 'பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை' என்று தேடும். அங்கே உங்கள் கடை இல்லையென்றால் இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்ட ரீல்ஸ் எதற்கும் உதவாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு ஓடியதே, நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நெல்லை ஜங்ஷன் தண்ணீரில் நின்றது. அப்படிப்பட்ட நாளில் கூகுள் பக்கத்தில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பொத்தான் அழுத்தலாம். அதைவிட முக்கியம், தண்ணீர் வடிந்ததும் மறக்காமல் அதை எடுத்துவிடுவது. மூடியதாகக் காட்டும் கடைக்கு யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள்.

● அல்வா போட்டோவுக்கு ஒத்துவராத பண்டம். டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் கறுப்புக் களிம்பாகத் தெரியும். போனின் ஃபிளாஷைப் போட்டால் நெய் மினுமினுப்பு வெள்ளைத் திட்டாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டு வெளிச்சத்தில், வாழை இலைத் துண்டில் வைத்து, காலை எட்டு மணிக்கு எடுங்கள். உள்ளே இருக்கும் செம்பழுப்பு அப்போது தெரியும். ஆவி பறப்பது தெரிய வேண்டுமானால் பின்னால் இருண்ட சுவர் இருக்க வேண்டும்.

போட்டோவைவிட வேலை நடக்கும் வீடியோவுக்கு மதிப்பு அதிகம். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, கை வலிக்கக் கிண்டுகிறார்களே, அந்தக் கிண்டல்தான் காட்சி. தாமிரபரணித் தண்ணீரால்தான் இந்த ருசி என்று ஊரே சொல்லும். அதை நிரூபிக்கிறேன் என்று பேச்சில் இறங்காமல், குடத்திலிருந்து தண்ணீர் விழுவதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

முதல் மூன்று விநாடியில் கடை வாசலையும் முதலாளி கும்பிடுவதையும் காட்டுகிறவர்கள் பார்வையாளரை அங்கேயே இழக்கிறார்கள். துடுப்பு வட்டையில் இறங்கும் இடத்தில் தொடங்குங்கள். பேருந்தில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் திரையில் தமிழில் நாலு வார்த்தை போடுங்கள். வீடியோ நெட்டுவாக்கில் இருக்கட்டும்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வெயிலில் வரிசை வரிசையாகக் காயும் அப்பளத்தை மாடியிலிருந்து எடுத்தால் போதும். எண்ணெயில் போட்டதும் ஒன்று பூத்து எழும்பும் சத்தத்துக்குத் தனி ரசிகர்கள் உண்டு.

● இன்ஸ்டாகிராமில் கணக்கை 'பிசினஸ்' என்று மாற்றியதும் சினிமாப் பாட்டுகளில் பெரும்பகுதி காணாமல் போகும். கோளாறு ஒன்றுமில்லை. அந்தப் பாட்டுகளுக்கு வாங்கிய உரிமம் தனிநபர் பொழுதுபோக்குக்கு, வியாபாரத்துக்கு இல்லை. குறுக்கு வழியில் பாட்டைச் சேர்த்தால் வீடியோவின் ஒலியை அணைத்துவிடுவார்கள், அல்லது வீடியோவையே எடுத்துவிடுவார்கள். வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் உள்ள ஊர் இது. ஒரு கலைஞரைக் கூப்பிட்டு, பேசிய தொகையைக் கொடுத்து, கடைக்கென்று ஒரு நிமிட இசை பதிந்துகொண்டால் அது கடைசிவரை உங்களுடையது. எழுத்தில் ஒரு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

● 'விலை என்ன?' 'இன்பாக்ஸ் வாங்க.' இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்களோ! கடையில் விலை கேட்ட ஆளைக் காதோரம் கூப்பிட்டுச் சொல்வோமா? விலையைப் படத்திலேயே எழுதுங்கள். கொரியர் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும்.

● கோயம்புத்தூர் அருகே வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியைத் தெரியாதவர் இல்லை. 2019 செப்டம்பரில் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா ட்விட்டரில் அவரைப் பற்றிப் போட்டார். விறகு அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவருக்கு எரிவாயு இணைப்பு வந்தது. 2022 மே மாதம், அன்னையர் தினத்தன்று, வீடும் சமையற்கூடமும் கிடைத்தன. அவர் கையில் ஸ்மார்ட்போன் இருந்து நடந்த விஷயமில்லை இது.

இதே கதையின் மறுபக்கம் டெல்லி மாளவியா நகரில் நடந்தது. 'பாபா கா தாபா' என்ற சின்னக் கடையின் முதியவர் வியாபாரம் இல்லாமல் அழும் வீடியோ 2020 அக்டோபரில் பரவியது. மறுநாளே நீண்ட வரிசை. உதவிப் பணம் குவிந்தது. அந்தப் பணத்தை வைத்து வீடியோ எடுத்தவருக்கும் கடைக்காரருக்கும் தகராறு வந்து காவல் நிலையம் வரை போனது. டிசம்பரில் புது உணவகம் திறந்தார்கள். வாடகை, சம்பளம் எல்லாம் சேர்ந்து வருமானத்தைத் தின்றது. 2021 பிப்ரவரியில் மூடிவிட்டுப் பழைய சின்னக் கடைக்கே திரும்பினார்.

வைரல் ஆவது நம் கையில் இல்லை. ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்து வைக்கலாம்: ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு போட முடியும், தீர்ந்தால் என்ன சொல்வது, பழைய வாடிக்கையாளருக்கு எடுத்துவைப்பதா என்று. இருட்டுக்கடையில் தீர்ந்துபோனால் தீர்ந்துபோனதுதான், மறுநாள் வரவேண்டும். அந்தப் பிடிவாதத்தை மட்டும் அங்கிருந்து தாராளமாகக் காப்பியடிக்கலாம்.

● தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட யூடியூப் சேனல் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. 2018-இல் தொடங்கி 2021 ஜூலையில் எட்டினார்கள். பேரன்மாரும் பெரியவரும் வயல்வெளியில் சமைத்த சேனல். ஸ்டுடியோ, செட் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் தொழிலே வீடியோதான். நாம் வடை போட வேண்டும், பிறகு வீடியோவும் எடுக்க வேண்டும். வாரம் இரண்டு போதும்.

● கடைக்கு வந்து ஓசியில் சாப்பிட்டுவிட்டு 'சூப்பர்!' என்று வீடியோ போடும் விலாகர்கள், அது விளம்பரம் என்பதைப் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. பணம் மட்டுமில்லை, இலவசப் பொருள், தங்குமிடம், பயணம் எதை வாங்கினாலும் கணக்கில் வரும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரம் கொடுத்த கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு.

என் அபிப்பிராயம்: சென்னையிலிருந்து வரும் லட்சக்கணக்கு ஃபாலோயர் ஆசாமிக்குக் கொடுக்கும் தொகையில், பேட்டை, மேலப்பாளையம், டவுன் என்று உள்ளூரையே சுற்றும் ஐந்து பையன்களைக் கூப்பிடலாம். அவர்களைப் பார்க்கிறவர்கள் பஸ் ஏறாமலே உங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். 'பூஸ்ட்' போட்டு ஃபேஸ்புக்குக்குப் பணம் கட்டும்போதும் இதே கணக்குத்தான். எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று அதில் இருக்கும். அதைத் தொடாமல் விட்டால், உங்கள் சொதிச் சாப்பாட்டு விளம்பரத்தைச் சேலத்தில் ஒருவர் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

● ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரம் வகுத்தது: ஐ.எஸ். 19000. காசு கொடுத்து எழுதவைக்கும் போலி ரிவ்யூவை ஒடுக்குவது அதன் நோக்கம். மச்சான், கொழுந்தியா, ஒன்றுவிட்ட அத்தான் என்று 40 பேரிடம் சொல்லி ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் வாங்கினால் கூகுளுக்கும் சந்தேகம் வரும், வாடிக்கையாளருக்கும் வரும். ஒரு நட்சத்திரம் போட்ட ஆளுக்குக் கோபப்படாமல் எழுதும் இரண்டு வரிப் பதிலை, அடுத்து வரும் நூறு பேர் படிக்கிறார்கள்.

● வீட்டு அடுப்படியில் முறுக்கு சுட்டு ஸ்டேட்டஸில் விற்றாலும் அது உணவு வியாபாரம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அதற்குக் கிடைக்கும் எண் 14 இலக்கம். அதைப் பொட்டலத்தில் போடுவதோடு இன்ஸ்டாகிராம் முகப்பிலும் போட்டுவிடுங்கள். பழக்கமில்லாத ஊரிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு அது ஒரு தைரியம். சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டின் முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் இருக்கிறது.

● "மிலிட்டரி கேம்ப்ல இருந்து பேசுறேன். 50 கிலோ இனிப்பு வேணும். அட்வான்ஸ் அனுப்புறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க." அடையாள அட்டை போட்டோகூட வரும். ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை, அனுப்புவதற்கு மட்டும்தான். பணம் போட்டாச்சு என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், உங்கள் செயலியில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரக்கைக் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். கடை எண் திருட்டுப் போனால், திருடன் உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் வாடிக்கையாளரிடமே கடன் கேட்பான்.

● சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேடும்போது மேலே வந்து நின்று கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல.

● ரீல்ஸ் ஓடி, பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வந்துவிட்டதா? அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கும் சிறு வியாபாரிக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. மாநிலம் தாண்டி விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் பொருள் எந்தப் பக்கம் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு கொரியர் கவரை ஒட்டுங்கள்.

● குற்றாலத்துச் சிற்றாறும் சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் கலக்கிறது. அந்தச் சிற்றாற்றுச் சீமையில், தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செயலிதான் 'அரட்டை'. 2025 செப்டம்பரில் திடீரென்று நாடே அதைப் பதிவிறக்கியது. நம் பக்கத்துச் சரக்கு என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கடைக்காரர் இருக்க வேண்டிய இடம் வாடிக்கையாளர் இருக்கும் இடம். உங்கள் 200 பேரில் எத்தனை பேர் அங்கே வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

● நெல்லை பேருந்து நிலையத்தில் இறங்கிய வெளியூர்க்காரருக்கு ஒரு குழப்பம் நிச்சயம்: பெயரில் ஓர் எழுத்து, ஓர் அடைமொழி மட்டும் மாறிய அல்வாக் கடைகள். இன்ஸ்டாகிராமில் இந்தக் குழப்பம் இன்னும் எளிது. யாரும் யார் பெயரிலும் பக்கம் திறந்துவிடலாம். புதுக்கடை போடுகிறவர், பலகை எழுதும் முன்பே, நினைத்த பெயர் முகநூல், இன்ஸ்டா, யூடியூப் மூன்றிலும் காலியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிடித்துவைக்க வேண்டும். வர்த்தகச் சின்னமாகப் பதிய, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய் கட்டணம். 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம்.

● எந்த நாளில் எதைப் போடுவது என்று அமெரிக்கக்காரர் எழுதிய அட்டவணையைப் பார்க்க வேண்டாம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம், குற்றால சீசன், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், ஐப்பசித் திருக்கல்யாணம், தை முகூர்த்தங்கள்: நம் கேலண்டர் தயாராக இருக்கிறது. கல்யாணச் சேலைக்கு முகூர்த்த மாதத்தில் விளம்பரம் போட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வீரவநல்லூர் சௌராஷ்டிர நெசவாளர்களின் செடிபுட்டாச் சேலையைத் தையில் உடுத்த வேண்டுமானால், ஐப்பசியிலேயே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

● டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கும் யூடியூப் சேனல் நடத்துவதற்கும் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் சில நாள் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம் ஒன்று 2022 முதல் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. சுய உதவிக் குழுப் பெண்கள் தங்கள் பொருளை 'மதி' என்ற அரசு வணிகப் பெயரில் விற்கலாம். பல ஆயிரம் ரூபாய்க்கு 'ஒரே வாரத்தில் இன்ஸ்டா ராஜா' கோர்ஸ் வாங்கும் முன் இந்தக் கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

● 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போன அன்பளிப்புகளில் பத்தமடைப் பாயும் ஒன்று என்பார்கள். அதைவிடப் பெரிய இன்ஃப்ளுயன்சர் அன்றைக்கு யார்? அந்த ஒரு செய்தியை வைத்துப் பாய் இன்றுவரை பேசப்படுகிறது. கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, பட்டுப்போல நெய்கிறார்கள். நயம் பாய் ஒன்று முடிய வாரக்கணக்காகும். 2012-13-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பொய்யாக ஒட்டி விற்றால் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பிளாஸ்டிக் பாயைப் படம்பிடித்து 'பத்தமடை' என்று தலைப்பு வைப்பவர்கள் கவனிக்கட்டும்.

கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் சேர்த்தே நெய்து கொடுப்பது அங்கே வழக்கம். இப்போது அந்தப் பெயர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அதற்காக ஒரு யோசனை: குரல் பதிவில் வாங்காதீர்கள். 'கார்த்திகா'வா 'கிருத்திகா'வா என்று பெண் வீட்டாரையே தமிழில் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, பாவு பூட்டும் முன் அதே எழுத்தைத் திருப்பி அனுப்பி 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள். நெய்த கோரைக்கு எடிட் பட்டன் கிடையாது.